முதுகுல போட்ட ஊசி

காஜாக்கான்னா அந்தத் தையல் கம்பெனியில தெரியாதவங்களே கிடையாது. சட்டைக்கு பட்டன் ஓட்டை போடுற காஜா மெஷின்லயே வருஷக்கணக்கா உக்காந்திருந்ததால ஒட்டிக்கிட்ட பேரு. கூடவே ஒட்டிக்கிட்டது இடுப்பு வலி.

சாப்பாட்டு நேரத்துல அந்த வலியப் பத்திதான் பேச்சே. "ஒடம்பு சூடுக்கா"ம்பா ஒருத்தி. "வாயு"ம்பா இன்னொருத்தி. பக்கத்து மெஷின்காரி மட்டும், "சாஞ்சுக்க வழியில்லாத இந்த ஸ்டூல மொதல்ல தூக்கிப் போடுங்கக்கா"ன்னு சிரிப்பா.

காஜாக்கா ஒத்துக்கவே மாட்டா. "அடி போடி! என் பொண்ணு ஆபரேஷன்ல பொறந்தப்ப முதுகுல போட்டாங்களே ஒரு ஊசி, அதோட வேலைடி இது!"

இதப் பொண்ணுகிட்ட எத்தனை தடவ சொல்லியிருப்பா! அதுதான் இன்னிக்கு வெனையாப் போச்சு.

பொண்ணப் பிரசவத்துக்குச் சேத்திருந்த வார்டுக் கதவத் தொறந்துக்கிட்டு நர்ஸ் ஓடி வந்தாங்க. "அம்மா, குழந்தைக்குத் துடிப்பு கொறையுது. உடனே ஆபரேஷன் பண்ணணும். மரத்துப் போற ஊசி போட உங்க பொண்ணு முதுகக் காட்டவே மாட்டேங்குறா, சுவத்தோட ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. வயிறு நெறய சாப்பிட்டிருக்கா, முழு மயக்கம் குடுக்கவும் பயமா இருக்கு. வந்து சொல்லுங்க!"

காஜாக்கா உள்ள ஓடுனா.

"நீதானேம்மா சொன்ன, அந்த ஊசி போட்டா ஆயுசுக்கும் நிமிர முடியாதுன்னு?" சுவத்த விடாம பொண்ணு கேக்குறா.

காஜாக்காவுக்கு வலி வந்தது மெஷின்ல உக்காந்த பெறகுதான். அது அவளுக்கே தெரியும். ஆனா ஸ்டூலுன்னு ஒத்துக்கிட்டா, விடிஞ்சா மறுபடி அதுலயே எப்படிப் போய் உக்கார்றது? ஊசின்னா முடிஞ்சு போன கதை. வலியும் இருக்கலாம், வேலையும் பாக்கலாம்!

"ஊசியால இல்லடி கண்ணு. நான் உக்கார்ற ஸ்டூலால."

"இப்ப மாத்திப் பேசுற. என்னைய ஏமாத்தத்தானே?"

"உன் மேல சத்தியம்டி."

சொல்லிட்டாளே தவிர அவளுக்கே ஒரு சந்தேகம். ஊசியும் ஒரு காரணமா இருந்துட்டா?

பொண்ணு அவ மொகத்தையே பாத்தா. அப்புறம் மெதுவா சுவத்த விட்டு நகந்து குனிஞ்சா. காஜாக்கா அவ தலைய வயித்தோட சேத்துப் புடிச்சுக்கிட்டா. ஊசி எறங்குறப்ப கண்ண இறுக்கி மூடிக்கிட்டது அம்மாதான்!

காஜாக்காவ வெளிய அனுப்பிட்டாங்க. கொஞ்ச நேரத்துல வீல்னு ஒரு சத்தம். அப்பாடா, அந்தச் சத்தம் இருக்கே!

"பொறந்துடுச்சு அத்தை!" மாப்பிள்ளை அழுதே விட்டாரு.

காஜாக்காவும் கையெடுத்துக் கும்பிட்டா. ஆனா பெஞ்சுல உக்கார மனசு வரல, அந்தக் கதவையே பாத்துக்கிட்டு நின்னா. நாளைக்கு எந்திரிக்கிறப்ப பொண்ணு, "இடுப்பு வலிக்குதும்மா"ன்னு சொல்லிட்டா?