ஏணி கட்சி, குண்டூசி கட்சி

பஸ் டிப்போவில் அவளுக்கு வேலை டைம் ஆபீசில். எந்த வண்டி கிளம்பியது, எது தாமதம், எந்த ஓட்டுநர் கேன்டீனில் கதையளந்துகொண்டிருக்கிறார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நேரம் தாண்டினால் ஜன்னல் வழியே தலையை நீட்டி ஒரு விசில் ஊதுவாள். அதற்குத் தூங்குகிற இன்ஜினே எழுந்து உட்காரும் என்பார்கள். அதனால் அவள் எல்லோருக்கும் விசிலக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். இதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, ஆனால் வெளியே சொன்னதில்லை.

டிப்போவுக்கு ஒரு கூடைப்பந்து அணி உண்டு. மெக்கானிக், பெயின்டர், கண்டக்டர் என்று வேலை பார்க்கிறவர்களே ஆடுகிற அணி. ஆடுகிறவர்களைவிட ரசிகர்கள்தான் அதிகம் வியர்ப்பார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மறுநாள் மதிய இடைவேளையில் டயர் ஷெட்டில் விசாரணை நடக்கும். பழைய டயர்களை வட்டமாகப் போட்டு உட்காருவார்கள். நடுவில் பெரிய டயர் ஒன்று. பேச வேண்டியவர் அதில் ஏறி உட்கார வேண்டும். அவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஆட்டக்காரர்கள் ஷெட் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டார்கள். தன்னைப் பற்றிப் பிறர் பேசுவதைக் கேட்கும் தைரியம் யாருக்கு இருக்கிறது?

இன்னொரு விதியும் இருந்தது. கோட்டுக்கு உள்ளே நடந்ததை மட்டும்தான் பேச வேண்டும். ஆட்டக்காரனின் வீடு, உடம்பு, குடும்பம் எதுவும் பேச்சில் வரக் கூடாது. முன்பு ஒருமுறை ஒரு கண்டக்டர் வரிசையாகக் கூடையைத் தவறவிட்டபோது, அவன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனதைப் பெரிய டயரில் உட்கார்ந்து யாரோ இழுத்துவிட்டார்கள். அவன் அதன்பிறகு பந்தையே தொடவில்லை. அன்று இந்த விதியைப் போட்டவள் விசிலக்காதான். தான் வெட்டிய குழியில் தானே விழுவோம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

விசாரணை எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஏணியிலும் குண்டூசியிலும்தான் போய் முடியும். இருவரும் அந்த அணியின் பழைய கேப்டன்கள். ஏணி நெட்டையானவர். ஒரு இறுதி ஆட்டத்தில் தனக்குக் கை வரவில்லை என்று தெரிந்ததும், யாரும் சொல்லாமலே தன்னை வெளியே எடுத்துக்கொண்டு, ஒரு புதுப் பையனை உள்ளே அனுப்பினார். அந்தப் பையன் ஜெயித்துக் கொடுத்தான். குண்டூசி குள்ளம். விரல் உடைந்த கையில் டேப்பைச் சுற்றிக்கொண்டு கடைசிவரை ஆடி, தோற்றுப்போக இருந்த ஆட்டத்தை வெற்றிக்கு இழுத்து வந்தவர். டயர் பிரிவின் தலைவர் குண்டூசி கட்சி. எல்லோரும் அவரை டயர்காரர் என்றே கூப்பிடுவார்கள்.

"தலைவன்னா கடைசி பந்து அவன் கையில இருக்கணும்" என்பார் டயர்காரர்.

"அந்தப் பந்து யார் கையில இருக்கணும்னு தெரிஞ்சவன்தான் அண்ணே தலைவன்" என்பாள் விசிலக்கா. அவள் ஏணி கட்சி. இந்தச் சண்டை எத்தனையோ பேர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் ஓய்வு பெறவில்லை.

அந்த வருடம் மட்டும் சண்டையில் விளையாட்டு இல்லாமல் போய்விட்டது. அணி தோற்றுக்கொண்டே வந்தது. கேப்டன் விசிலக்காவின் சொந்தத் தம்பி. பயிற்சி கொடுப்பதும் அவன்தான், யார் ஆட வேண்டும், யார் உட்கார வேண்டும் என்று முடிவு செய்வதும் அவன்தான். கடைசி ஆட்டத்தில் தோற்றால் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும் என்ற நிலை வந்தது. டயர்காரர் பெரிய டயரில் ஏறி உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"முன்னெல்லாம் கூடைக்கு அடியில பாய்வான். இப்போ பக்கத்துல போனதும் பந்தை அடுத்தவன்கிட்ட தள்ளிவிடுறான். கால் நிக்குது. விசிலக்கா மனசு நோகும், தெரியும். ஆனா அவனுக்குப் பயம் வந்துடுச்சு."

தம்பிக்குப் பயம் இல்லை. அவன் வலது முட்டி கெட்டுப்போயிருந்தது. பஸ்ஸுக்கு அடியில் குழியில் குந்தி வேலை பார்க்கிற மெக்கானிக் அவன். மாலையில் வீட்டுக்கு வந்தால் படியைக் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறுவான். அவனை மருத்துவரிடம் கூட்டிப்போனது அவள்தான். இன்னொரு முறை அந்த முட்டி திரும்பினால் நடையே பழையபடி இருக்காது, குந்தி வேலை செய்வதை மறந்துவிட வேண்டியதுதான் என்று மருத்துவர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது தம்பி அவள் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். யாரிடமும் சொல்லக் கூடாது. அந்த டயர்காரர் தன்னைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று சொல்வதைக் கேட்பதைவிடத் திட்டு வாங்குவது மேல் என்றான்.

ஆக, விதி ஒரு பக்கம், சத்தியம் இன்னொரு பக்கம். நாள் முழுவதும் வாயாடுகிற பெண் அன்று ஷெட்டில் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். அக்காவுக்கே பதில் இல்லை, அப்படியானால் உண்மைதான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள்.

அன்று மாலை வீட்டில் தம்பி முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் கணவர் கால்சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். கூடைக்கு அடியில் ஏன் ஓட்டை வைத்திருக்கிறார்கள், போட்ட பந்து உள்ளேயே இருந்தால் எண்ணுவதற்கு வசதியாக இருக்குமே என்று கல்யாணமான புதிதில் கேட்டவர் அவர். அவரே அன்று வேடிக்கை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ ஆடாதே, வெளியே நின்று நடத்து என்று அவள் கெஞ்சினாள். ஏணி செய்ததைச் செய், அதில் என்ன கேவலம் என்று கேட்டாள். தம்பி துணியைப் பிழிந்து பக்கத்தில் வைத்தான்.

"சின்ன வயசுலேர்ந்து உன் வாயில ஏணி கதையைக் கேட்டே வளந்தேன். ஒரு நாளாவது நான் யார் கட்சின்னு கேட்டியாக்கா?"

அவள் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதே இல்லை.

"நான் குண்டூசி கட்சி" என்றான் அவன். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான்.

ஞாயிறு ஆட்டத்தில் அவளுக்கு மேஜை வேலை. சொந்த மைதானத்தில் ஆட்டம் என்றால் கடிகாரமும் ஹாரன் பொத்தானும் எப்போதும் அவள் பொறுப்புதான். நேரம் பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்பதால் எதிரணிகளும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. ஆட்டக்காரனை மாற்ற வேண்டுமானால் புதிதாக இறங்குகிறவன் மேஜைக்கு வந்து 'சேஞ்ச்' என்று சொல்ல வேண்டும். பந்து நின்றதும் அவள் ஹாரன் அடிக்க வேண்டும். ஹாரன் கேட்டால்தான் நடுவர் உள்ளே விடுவார். மேஜையில் உட்கார்ந்தவளுக்கு எந்த அணியும் கிடையாது, தம்பியும் கிடையாது. இதை அவளே புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறாள்.

தம்பி முதல் பாதி முழுக்க ஆடினான். அவன் ஒவ்வொரு முறை குதித்து இறங்கும்போதும் அவள் விரல்கள் மேஜையின் விளிம்பை இறுக்கிப் பிடித்தன. மூன்றாவது கால்பகுதியில் ஒருவன் அவன்மேல் மோதினான். தம்பி விழவில்லை. ஆனால் அவன் முகம் போன போக்கை அவள் ஒருத்தி பார்த்தாள். அவனே தன்னை மாற்றிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே இரு, அப்பனே, எழுந்திருக்காதே என்று மனசுக்குள் மன்றாடினாள்.

கடைசி நிமிடத்தில் டிப்போ அணி ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. பார்வையாளர் படிகளில் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. டயர்காரரே கேப்டன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். தம்பி மேல்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மேஜைக்கு வந்தான். ஒரு கையை மேஜைமேல் ஊன்றினான். பார்க்கிறவர்களுக்கு அது சாதாரணமாக நிற்பதுபோல இருந்திருக்கும். அவன் உடம்பின் கனம் முழுக்க அந்தக் கையில் இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

"சேஞ்ச்" என்றான்.

பந்து கோட்டைத் தாண்டி உருண்டது. நடுவர் விசில் ஊதினார். பந்து நின்றுவிட்டது. அவள் விரல் பொத்தான்மேல் இருந்தது.

"அக்கா, அழுத்து."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, முட்டியைத்தான் பார்த்தாள். முட்டியை மறைத்த உறைக்கு மேலும் கீழும் தோல் வீங்கி மினுமினுத்தது. குழிக்குள் குந்தி, எண்ணெய்க் கையோடு நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிற தம்பி கண்ணுக்கு முன்னால் வந்தான். நடுவர் மேஜையை ஒரு பார்வை பார்த்தார். ஹாரன் வரவில்லை. பந்தை உள்ளே கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் பந்து நிற்கவே இல்லை. உள்ளே இருந்த பெயின்டர் கடைசியாக எறிந்த பந்து வளையத்தைச் சுற்றி வந்து வெளியே விழுந்தது. அப்போதுதான் ஹாரன் அடித்தது, ஆட்டம் முடிந்த ஹாரன். தம்பி இன்னும் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். அன்று இரவு வீட்டில் அவன் சாப்பிடவில்லை.

மறுநாள் டயர் ஷெட்டில் இடம் போதவில்லை. விசாரணை ஆட்டத்தைப் பற்றி அல்ல, மேஜையைப் பற்றி. கேப்டன் வந்து நின்றதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். பந்து நின்றதையும் பார்த்திருந்தார்கள். கைதவறியதா, கவனிக்கவில்லையா என்று டயர்காரர் நயமாகவே கேட்டார். இரண்டில் ஒன்றுக்குத் தலையாட்டியிருந்தால் பிழைத்திருப்பாள். விசிலக்கா பெரிய டயரில் உட்கார்ந்து தலையை ஆட்டாமல் இருந்தாள்.

"கவனிச்சேன். வேணும்னேதான் அழுத்தல."

டயர்காரர் முகம் சிவந்தது. ஏணி கதையை நிலைநாட்டுவதற்காக ஒரு அணியையே இரண்டாம் பிரிவுக்குத் தள்ளிவிட்டாயா, உன் பேச்சில் நீ ஜெயிக்க வேண்டும் என்பதற்காகச் சொந்தத் தம்பியைக் கோழையாக்கிவிட்டாயா என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான் என்று அவளுக்கே தோன்றியது. அதுதான் அதிகம் வலித்தது. பதில் ஒன்றுதான், அதைச் சொல்ல அவளுக்கு வழியில்லை. கண்ணில் நீர் முட்டியது. அழுதால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்வார்கள் என்று அடக்கிக்கொண்டாள்.

வாசலில் சலசலப்பு கேட்டது. ஆட்டக்காரர்கள் எட்டிப் பார்க்காத அந்த ஷெட்டுக்குள் அவள் தம்பி வந்துகொண்டிருந்தான். மறைக்காமல் நொண்டிக்கொண்டே வந்தான். வட்டத்தைத் தாண்டி நேராகப் பெரிய டயரிடம் வந்து, "எந்திரிக்கா" என்றான். அவள் எழுந்தாள். அவன் உட்கார்ந்து, வேலைக்கான கால்சட்டையை முட்டிக்கு மேலே சுருட்டினான். பானைபோல் உப்பியிருந்தது முட்டி.

"கோட்டுக்கு வெளியில நடந்ததைச் சொல்லக் கூடாதுன்னு இங்க விதி. தெரியும். இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அக்காகிட்ட தலையில சத்தியம் வாங்கினவன் நான். நேத்து உள்ள போயிருந்தா இன்னைக்கு நான் நடந்து இங்க வந்திருக்க மாட்டேன். தோத்ததுக்கு யார் காரணம்னு கேட்டா, நான்தான். முதல்லேயே நானே உக்காந்திருக்கணும். எனக்கு உக்காரத் தெரியல. அவ்வளவுதான்."

டயர்காரர் வெகுநேரம் அந்த முட்டியைப் பார்த்தார். 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிடுவாரோ என்று விசிலக்கா பயந்தாள். அவர் சொல்லவில்லை. கால்சட்டையை இறக்கிவிடப்பா, தூசி படும் என்று மட்டும் சொன்னார்.

ஆனாலும் மேஜை மேஜைதான். இனிமேல் அங்கே விசிலக்கா உட்காரலாமா என்று முடிவு செய்தாக வேண்டும். அந்தக் கேள்வியை எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் அவளே கேட்டாள், உட்காரக் கூடாது என்பவர்கள் கை தூக்குங்கள் என்றாள். கேட்டுவிட்டு முதல் கையையும் அவளே தூக்கினாள். மற்ற கைகள் மெதுவாக, மனசில்லாமல் எழுந்தன. டயர்காரர் கை மட்டும் எழவில்லை.

சாயங்காலம் இருவரும் ஒன்றாக வீட்டுக்கு நடந்தார்கள். தெருவில் தெரிந்தவர்கள் எதிரே வந்தார்கள். தம்பி முதல்முறையாக, யார் பார்த்தால் என்ன என்று அவள் தோளில் கையைப் போட்டுக் கனத்தைச் சாய்த்துக்கொண்டான். அவளுக்குத் தோள் வலித்தது. அவள் சொல்லவில்லை. வீட்டு வாசலில் முதல் படியில் நின்று அவன் மூச்சு வாங்கினான்.

"இருந்தாலும் குண்டூசிதான்க்கா பெரிய ஆளு."

"இருக்கட்டும்" என்றாள் அவள். "கைப்பிடியை விட்டுட்டு என்னைப் பிடிச்சுக்க."