கதவைத் திறந்துவிட்ட பெரியப்பா

புதிதாக வந்த செம்பனையும் எங்கள் பழைய பூனை கறுப்பியையும், மிருக வைத்தியர் சொன்னபடி வேறு வேறு அறைகளில் வைத்திருந்தேன். கதவிடுக்கால் மோப்பம் பிடித்துப் பழகி, இப்போதுதான் உறுமாமல் சாப்பிடத் தொடங்கியிருந்தன.

இன்று வேலை முடிந்து வந்தால், கறுப்பியின் காது கிழிந்து இரத்தம். செம்பன் அலுமாரிக்கு மேலே நடுங்கிக்கொண்டிருந்தது.

உடுவிலில் இருந்து வந்திருந்த பெரியப்பா, ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் கதவைத் திறந்துவிட்டனான், பிள்ளை. ரெண்டும் தங்களுக்குள்ளை ஒருக்கா அடிபட்டால் சரியாயிடும்."

"காதைப் பாத்தனீங்களே பெரியப்பா? இனி முதலிலை இருந்து பழக்கோணும்!" என்று கத்திவிட்டேன்.

"ஒரு பூனைக்காக என்னோடை சத்தம் போடுறியோ?"

கோபித்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும். கறுப்பிக்கு மருந்து போட்டு, இரண்டையும் மறுபடி பிரித்து அடைத்திருக்கிறேன்.

எல்லை வேலிக்காகச் சித்தப்பாவுடன் சண்டை பிடித்து, இன்றுவரை அவர் வாசலை மிதிக்காத மனுசன்தான் என் பூனைகளைச் சமாதானம் செய்ய வந்தார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கிறாரா?