ரோச் கண்ணாடி போட்ட மணிக்கூடு

போரில் இடம்பெயர்ந்து வன்னியின் ஸ்கந்தபுரத்தில் இருந்தபோது, எங்களுக்கு அடுத்த கொட்டிலில் இருந்தவர் தன் கைமணிக்கூட்டை மகளின் கலியாணத்தில் மருமகனுக்குத் தருவதாகச் சபையில் சொல்லியிருந்தார். கண்ணாடி இடம்பெயர்வில் உடைந்திருந்தது. புதியது ஓமந்தை இராணுவச் சாவடி தாண்டி வராது. பழைய ரோச் லைற்றின் கண்ணாடியைத் தேய்த்துச் சிறு வட்டமாக்கி, பெருவிரலால் அமத்தி ஒட்டினார். கதைக்கும்போதும் மணிக்கூட்டைக் காதில் வைத்துக் கேட்பது அவர் பழக்கம். கலியாணக் காலையிலும் கேட்டார், முகம் கறுத்தது. தட்டைக் கண்ணாடி முட்களை அழுத்த, அது நின்றுவிட்டிருந்தது.

"கழட்டினால் உடையும், தம்பி. சபையிலை சொன்னது, குடுக்கத்தானே வேணும். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார் என்னிடம்.

மணிக்கூடு மாப்பிள்ளையின் கையில் ஏறியதும் பந்தலில் ஒருவர் சீண்டினார்: "மாப்பிளை, மாமான்ரை மணிக்கூடு என்ன நேரம் சொல்லுது?"

அந்நாள்களில் அரசு நேரத்தை முன்தள்ளியிருந்தது, வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது; அதனால் கொழும்பு நேரம் வன்னி நேரத்துக்கு முந்தி ஓடியது. மாப்பிள்ளை மணிக்கூட்டைச் சற்று உற்றுப் பார்த்தார்.

"கொழும்பு நேரமோ அண்ணை, எங்கட நேரமோ? முதல் அதைச் சொல்லுங்கோ!"

பந்தல் சிரித்தது. மாப்பிள்ளை சால்வை நுனியால் மணிக்கூட்டை மூடிக்கொண்டார். அதைக் கண்ட மாமனார் தலை நிமிராமல் சோற்று வாளியோடு பந்திக்குள் போனார். பிடிபட்டதற்காகக் கூசினாரா, காப்பாற்றப்பட்டதற்காகவா? எனக்கு இன்றும் தெரியவில்லை.