சுகிர்தத்தின் நீலக்கொடி செட்

கோப்பை கைக்கு வந்ததும் சுகிர்தம் முதலில் அதன் விளிம்பில் நாக்கு நுனியை ஒரு சுற்று ஓட விடுவாள். ஏலம் போடுகிறவர் முகத்தைச் சுளிப்பார். கூட்டம் சிரிக்கும். அவளோ கண்ணை மூடிக்கொண்டு சுற்றி முடித்துவிட்டுத்தான் திறப்பாள். "கண்ணு ஏமாந்துரும் அண்ணாச்சி, வெரலும் ஏமாந்துரும். நாக்கு ஏமாறாது" என்பாள் என்னிடம்.

அடுத்து நகத்தால் ஒரு சுண்டு. ணங்கென்று கேட்டால் தலையாட்டுவாள். சத்தம் அமுங்கினால், "இதுக்குக் கபம் கட்டிருக்கு. உள்ள கீறல்" என்று கீழே வைத்துவிடுவாள். பிறகு வெயிலுக்கு நேரே பிடித்து, உள்ளே விரலை விட்டுப் பார்ப்பாள். விரலின் நிழல் வெளியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால், "கோழிக்குத் தண்ணி வைக்க ஆகும்" என்று தீர்ப்பு.

குற்றாலத்தில் பெரிய அருவிக்குப் போகிற வழியில் என் எண்ணெய்க்கடை. அதை ஒட்டி அவளுடைய பழக்கூடை. சாரல் காலத்தில் மங்குஸ்தான், மற்ற நாளில் மலைவாழை. நாற்பது வயதிருக்கும். வெற்றிலை போடமாட்டாள், கடன் சொல்லமாட்டாள், பேரம் பேசுகிறவனை ஏறிட்டுப் பார்க்கமாட்டாள். சீசன் முடிந்ததும் செங்கோட்டையில் ரயில் ஏறிவிடுவாள். மலைக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் சீமைக்குத் திரும்பும்போது பங்களாச் சாமானை ஏலம் விடுவார்கள். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் ஆள் முண்டும். பழைய பீங்கானைச் சீந்த இவள் ஒருத்திதான்.

முழு செட்டாக வாங்க மாட்டாள். "பாக்காம பொண்ணு கட்டுன மாதிரி ஆயிரும். ஒண்ணு நல்லாருந்தா ஒண்ணு நொண்டியா இருக்கும்." ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஜோடி சேர்ப்பாள். விளிம்பில் தங்க ரேக்கு ஒட்டியது ஆகாது. "நாலு கழுவலுக்குத் தாங்காத மினுக்கு" என்பாள். அவள் மனசு முழுக்க வெள்ளைப் பீங்கானில் நீலக்கொடி ஓடுகிற ஒரே தினுசின் மேல். ஆறு கோப்பை, ஆறு தட்டு, பால் குவளை, சீனிக் கிண்ணம், டீ ஊற்றுகிற மூக்குப் பாத்திரம். அதற்கு 'மூக்கன்' என்று பேர். மூக்கன் வரும்போது மூடி இல்லை. மூன்று வருஷம் கழித்துத் தென்காசியில் முகம்மது கனியின் பழைய சாமான் கடையில், ஆணிகளைப் போட்டுவைக்கும் கிண்ணமாகக் கிடந்த ஒரு மூடி அதற்குப் பொருந்தியது. அன்றைக்கு எனக்கு ஒரு சீப்பு மலைவாழை சும்மா கிடைத்தது. செட்டு நிறைய பத்து வருஷம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் போய்வந்து, புருஷனும் பெண்டாட்டியுமாக அதில் டீ குடிப்பார்கள். பால் தனி, சீனி தனி. "கூடைக்காரி தர்பாரைப் பாருலே!" என்று தெரு கேலி பேசும். "வாங்க, ஒங்களுக்கும் ஊத்துதேன்" என்பாள். ஒருவனும் வரமாட்டான்.

இனி எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளின் லட்சணத்தைச் சொல்கிறேன். வெள்ளி டம்ளரில் காப்பி குடிப்பார்கள். பீங்கானை வீட்டில் சேர்க்க மாட்டார்கள். பித்தளையில் எச்சில் பட்டால் புளி போட்டுத் தேய்க்கலாம். மண்பாண்டத்தில் பட்டால் உடைத்துப் போட வேண்டும். பீங்கான் எதில் சேர்த்தி என்று சாஸ்திரம் சொல்லவில்லையாம். ஆனால் துரையோ அதிகாரியோ வருகிறார் என்றால் மட்டும் செட்டை இரவல் கேட்டு சுகிர்தத்தின் வாசலில் ஆள் வந்து நிற்கும். வாடகை கிடையாது. அவளே தூக்கிக்கொண்டு போவாள், புழக்கடையில் நிற்பாள், கழுவித் துடைத்து அவளே கொண்டுவருவாள். அது ஒன்றுதான் அவள் கேட்கும் நிபந்தனை.

போன ஆடியில் இலஞ்சிப் பண்ணை வீட்டுக்கு ஓர் அதிகாரி குளம் பார்க்க வந்தார். அந்த வீட்டு எஜமானி குழல்வாய்மொழி ஆச்சி சொல்லி அனுப்பினாள்: "செட்டு மட்டும் வரட்டும். நீ வராண்டாம்." சுகிர்தத்தின் கூடையில் இருக்கிற மங்குஸ்தான் அந்த வீட்டு மலைத்தோட்டத்துப் பழம். முடியாது என்று எப்படிச் சொல்வாள்? வைக்கோல் சுற்றி அனுப்பிவைத்தாள்.

நாலு நாளாகியும் திரும்பவில்லை. ஐந்தாம் நாள் பண்ணையாள் சொரிமுத்து எண்ணெய் வாங்க என் கடைக்கு வந்தான்.

"என் செட்டு எங்க?" என்று கூடைப் பக்கமிருந்து கேட்டாள் சுகிர்தம்.

"அதை ஒடச்சு உரக்குழியில போட்டாச்சேம்மா. அதிகாரி எச்சி, கூட வந்தவன் எச்சி. மண்ணுன்னா ஒடைக்கதுதான மொறை?"

"பீங்கான் மண்ணா, லே? ஒங்க ஆச்சி மூக்குத்திக் கல்லும் மண்ணுக்குள்ளருந்து வந்ததுதான். சளி பிடிச்சா அதையும் ஒடைக்காளா?"

சொரிமுத்து எண்ணெயை மறந்துவிட்டு ஓடினான். இரவல் வாங்கிய பொருள் என்கிற நினைப்பு ஒருவருக்காவது வந்ததா பாருங்கள்! ஆகாத எச்சில் என்றால், அதை உடையவளிடம் திருப்பிக் கொடுப்பதற்கு என்ன கேடு? சுகிர்தம் இலஞ்சிப் பண்ணை வீட்டுக்குக் கிளம்பினாள். கடையைப் பூட்டிவிட்டு அவள் பின்னாலேயே போனேன்.

புழக்கடையில் உரக்குழிக்குள் இறங்கி, சாணத்துக்குள் கையை விட்டு ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கினாள். மூக்கன் மூன்று துண்டு. ஆச்சி கதவோரம் நின்று பார்த்தாள்.

"அதை ஏன் கிண்டுத? திருநெவேலியிலருந்து புதுசு வரவழச்சுத் தாரேன், போ."

"புதுசு வேண்டாம் ஆச்சி. கோப்பைக் காதை எல்லாம் பொறுக்கிப் பாத்துட்டேன், அஞ்சுதான் இருக்கு. ஆறாவது கோப்பை எங்க?"

"எங்கனயாவது கெடக்கும்."

"குழியில காது இல்லன்னா கோப்பை ஒடையலன்னு அர்த்தம்."

சமையல்காரி முப்பிடாதி உள்ளேயிருந்து தலையை நீட்டினாள். "ஆச்சி, வெத்தலைக்குச் சுண்ணாம்பு போட்டு வச்சிருக்கியளே, அதுவா இருக்குமோ?"

"சும்மா கெட, மூதி!"

எனக்குச் சிரிப்பு வந்தது. சுகிர்தம் சிரிக்கவில்லை.

"அதைப் புளி போட்டுத் தேச்சாச்சு. எச்சி போயிருச்சு, அதான் வச்சேன்" என்றாள் ஆச்சி.

"அந்தப் புளி மத்த அஞ்சுக்கும் செல்லாதோ?"

ஆச்சியின் முகம் கறுத்தது. "வாய் நீளுது ஒனக்கு. மலைத்தோட்டத்துப் பழத்தை இனிமே வேற ஆளுக்குக் கொடுக்கச் சொல்லிருவேன்."

அவ்வளவுதான், அவளுடைய சோறு போயிற்று என்று நினைத்தேன். பேசாமல் வா என்று கண்ணைக் காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"பழம் ஒங்களுது. யாருக்கு வேணும்னாலும் கொடுங்க. கோப்பை என்னுது."

ஆச்சி உள்ளே போனாள். சுண்ணாம்பை வழித்தெறிந்து, கோப்பையைக் கொண்டுவந்து கடைசிப் படியில் தரையோடு தரையாக வைத்துவிட்டு, இரண்டு படி ஏறி நின்றுகொண்டாள். அந்த வீட்டில் இவளுக்கு எதைக் கொடுத்தாலும் அப்படித்தான். கீழே வைப்பார்கள், இவள் குனிந்து எடுத்துக்கொள்வாள்.

சுகிர்தம் குனியவில்லை. கையில் ஒட்டியிருந்த சாணத்தைச் சேலையில் துடைத்தாள். வலது கையை நீட்டினாள்.

"எடுத்துக் கையில தாங்க ஆச்சி."

சாரல் விழ ஆரம்பித்தது. நீட்டிய உள்ளங்கை நனைந்து, மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் சொட்டியது. கை இறங்கவில்லை.

ஆச்சி வீட்டுக்குள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். ஒரு படி இறங்கினாள். இன்னொரு படி. பிறகு இடுப்புச் சாவிக்கொத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.