வலப்பக்கம் திரும்பிய வண்டிகள்

பேய், ஆவின்னு யாராவது பேச ஆரம்பிச்சா எழுந்து போற ஆளு நான். எங்கம்மா ஜெபமாலை சொல்ற நேரத்துல நான் பாத்திரம் விளக்குவேன். அதனால இதைக் கேட்டுட்டு, ஓவர்டைம் பாத்துப் பாத்து இவளுக்கு மூளை குழம்பிடுச்சுன்னு நினைச்சீங்கன்னா நினைச்சுக்கோங்க.

எங்க வீடு சேரப்பணஞ்சேரி. நான் ஒரகடத்துல ஒரு கம்பெனியில லைன்ல நிக்கிறேன். கூட்டுரோட்டுல தகர ஷெட்டு போட்ட வண்டி ஸ்டாண்டுல ஸ்கூட்டிய விட்டுட்டு கம்பெனி பஸ் ஏறணும். தம்பி லூர்தும் கூட வருவான். அவனுக்கு ஆட்டிசம்னு கவர்மென்ட் டாக்டர் கார்டு குடுத்திருக்காங்க. பேச்சு கம்மி. பயந்தா சிரிப்பான். பகல் முழுக்க ஸ்டாண்டுலதான் இருப்பான். யாரும் குடுக்காத ஒரு வேலையை அவனா செய்வான், எல்லா வண்டி ஹேண்டிலையும் வலப்பக்கமா திருப்பி வைப்பான். இடப்பக்கம் திருப்பினாத்தானே லாக் விழும், அவனுக்குப் பூட்டுன்னாலே ஆகாது. வீட்டுல பாத்ரூம் தாழ்ப்பாளைக்கூட போட விடமாட்டான். ஏற்கெனவே பூட்டின வண்டின்னா, பாவம்ங்கிற மாதிரி சீட்டைத் தட்டிக் குடுத்துட்டு நகர்ந்துருவான்.

"இன்னா லூர்து, பரேடு ரெடியா?"ன்னு ஷிப்டு விட்டு வர்ற பசங்க கிண்டல் பண்ணுவாங்க, டீயும் வாங்கித் தருவாங்க.

ஒருநாள் ஒரு பைக் காணாம போச்சு. போலீஸ் வந்து பாத்தா, ஒருத்தன் ஒவ்வொரு வண்டியா ஹேண்டிலை ஆட்டிப் பாத்துக்கிட்டு போறான். எது பூட்டலைன்னு திருடன் அப்படித்தான் பாப்பானாம். "நீயாடா?"ன்னு கேட்டிருக்காங்க. இவன் சிரிச்சிருக்கான். அவ்ளோதான்.

கார்டை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

"கார்டு இருந்தா திருட மாட்டானாம்மா? எப்படி சிரிக்கிறான் பாரு, திமிரு."

"சிரிக்கல சார், பயப்படறான்!"

"நீயும் உள்ள வர்றியா?"

ஜெயிலுக்கு அனுப்பிட்டாங்க. மனு போட்டு பாக்கப் போனேன். நெத்தியில தையல். மத்தவங்க தட்டையெல்லாம் எடுத்து வரிசையா அடுக்கியிருக்கான், அடிச்சிருக்காங்க. கத்தியிருக்கான், தனி அறையில போட்டுப் பூட்டிட்டாங்க. ஆஸ்பத்திரிக்காவது அனுப்புங்கன்னு கெஞ்சினேன். காவலுக்கு நின்னவரு ஆறுதல் மாதிரி சொன்னாரு: "இவனாட்டம் உள்ள எத்தினியோ பேரு கீறாங்கம்மா. நாளைக்கு ஊசி போட்ருவாங்க, அப்பால தொல்லை இருக்காது." தொல்லை யாருக்காம்? லூர்து கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணையே திருப்பித் திருப்பிச் சொன்னான்.

"அக்கா, பூட்டாத. அக்கா, பூட்டாத."

மறுநாள் எனக்கு முதல் ஷிப்டு. பேய்னா ராத்திரிலதான வரணும்? இது தார் உருகுற பட்டப்பகல். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தா, முன்னாடி போன பசங்க ஸ்டாண்டு வாசல்லயே நிக்கிறாங்க. உள்ள எல்லா வண்டியும் வலப்பக்கம் திரும்பி நிக்குது. திருட்டுக்கு அப்புறம் பூட்டாம யாருமே விடறதில்ல.

"யாருண்ணே திருப்பினது?"ன்னு ஸ்டாண்டு நடத்துற குமார் அண்ணனைக் கேட்டேன்.

"நான் இங்கியேதாம்மா குந்திக்கினு இருந்தேன். சோறு துன்னுட்டு நிமிந்து பாக்கறேன், இப்டி கீது."

திருநெல்வேலிப் பையன் ஒருத்தன் தன் வண்டி ஹேண்டிலைப் பிடிச்சு இழுத்துப் பாத்தான். அசையல. "ஏக்கா, லாக்கு விழுந்துதான் கெடக்கு. பெறவு எப்படிக்கா இந்தப் பக்கம் திரும்பும்?"

என் ஸ்கூட்டியும் அப்படித்தான். காலையில நானே இடப்பக்கம் திருப்பிப் பூட்டினது. சாவி என் பையிலயே இருக்கு. உடைக்கல, ஒரு கீறல்கூட இல்ல.

அப்புறம் நிஜத் திருடன் வேற எங்கியோ மாட்டினான். பைக் சொந்தக்காரன்கிட்ட போய்ச் சேந்துச்சு. லூர்து ஜாமீன்ல வந்தான். வந்தான்னு சொல்றேன், அவ்ளோதான். போட்ட ஊசியில உதடு தொங்கி எச்சில் ஒழுகுது. சிரிக்கிறதில்ல, பயப்படறதும் இல்ல. அவனை ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். வண்டிங்க தாறுமாறா நின்னுச்சு, திரும்பிக்கூட பாக்கல. வீட்டுல அவன் கண்ணெதிர்ல தாழ்ப்பாள் போட்டாலும் கேக்கறதில்ல. "அமைதியாயிட்டான், மாதா கண் தொறந்துட்டா"ன்னு அம்மா சொல்லுது.

அதுலேந்து நான் ஸ்கூட்டியைப் பூட்டறதில்ல. திருடு போனா போகட்டும். நம்புங்க, நம்பாட்டி போங்க, சாயங்காலம் வந்து பாத்தா சில நாள் ஹேண்டில் வலப்பக்கம் திரும்பியிருக்கும். குமார் அண்ணன் பாத்தும் பாக்காத மாதிரி இருப்பாரு, வாடிக்கை போயிடுமே.

போன வாரம் பஸ் கிளம்பற அவசரத்துல கை பழக்கத்துல பூட்டிட்டேன். திரும்பி வந்தப்ப ஹேண்டில் இடப்பக்கம்தான் இருந்துச்சு. ஆனா சீட்டு மேல லாரிப் புழுதி படிஞ்சிருந்துச்சு, அதுல ஒரு உள்ளங்கை பதிஞ்சிருந்துச்சு. தட்டிக் குடுத்த மாதிரி.

வீட்டுக்கு ஓடினேன். லூர்து நாற்காலியில இருந்தான். ரெண்டு கையும் மடியில, காலையில அம்மா எடுத்து வச்ச மாதிரியே இருந்துச்சு.