ஒரு வளையலில் மைக்ரோ எகனாமிக்ஸ்

ஸ்டெல்லா போய்விட்டாள். சற்று முன்தான் அவள் தம்பி போன் செய்தான். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாளாம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே...

கல்மண்டபம் ஸ்டெல்லா. என்னோடு பி.ஏ. எகனாமிக்ஸ் படித்தவள். இதைப் படிக்கும் பலருக்கு அவளைத் தெரியாது. தெரிந்தவர்கள் இந்நேரம் அழுகைக்கு நடுவே சிரித்துக்கொண்டிருப்பீர்கள்.

மொபைல் எங்கள் கைக்கு வராத காலம். ராயபுரம் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரி. ஸ்டெல்லா வருவது கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் தெரியும்... இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். மாடிப்படியில் சத்தம் கேட்டதுமே நான் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுவேன்.

முதல் வருஷம் மைக்ரோ எகனாமிக்ஸ். ஓர் ஆள் எதை, எவ்வளவு, ஏன் வாங்குகிறான் என்பதைக் கோடு போட்டுக் காட்டும் பாடம். பாடம் புரிந்தது. கோடுதான் வரவில்லை.

இன்டிஃபரன்ஸ் கர்வ் என்று ஒன்று. கிராஃபின் மூலைப் பக்கம் வயிறு தள்ளி வழுவழுவென்று வளைய வேண்டும். அதேபோல் மூன்று போட வேண்டும், ஒன்றையொன்று தொடவே கூடாது.

நான் போட்டால் எண்ணூர் அலை மாதிரி இருக்கும். மூன்றும் ஒன்றோடொன்று குடுமிப்பிடிச் சண்டை. முதல் செமஸ்டரில் ஃபெயில்.

திருவொற்றியூரில் ஷிப்ட் வேலை பார்த்த அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "இந்த வாட்டியும் புட்டுக்கிச்சுன்னா எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போ. படிச்சவரைக்கும் போதும்."

அவர் சொன்னால் செய்வார். காலடிப்பேட்டையிலிருந்து காலேஜ் வரை பஸ்ஸில் அழுதுகொண்டே போனேன்.

"இன்னாடீ, மூஞ்சி வீங்கிக் கீது?" என்றாள் ஸ்டெல்லா. சொன்னேன். ஒரு வளையலைக் கழற்றி என் நோட்டில் வைத்தாள். கீழே இடது பக்கம், கால் வட்டம் மட்டும் பென்சிலால் ஓர் இழுப்பு.

அச்சு அசல் இன்டிஃபரன்ஸ் கர்வ்!

வளையலைக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் வலது பக்கம் தள்ளினாள். இரண்டாவது. இன்னும் தள்ளினாள். மூன்றாவது. ஒன்றும் தொடவில்லை. "அவ்ளோதான்டீ. இதுக்கா இவ்ளோ பேஜாரு?"

மேலே வலது பக்கத்தை இழுத்தால் புரொடக்‌ஷன் பாசிபிலிட்டி கர்வ். அடிப்பாதியை இழுத்தால் ஆவரேஜ் காஸ்ட். பாதி சிலபஸ் அவள் கையில் குலுங்கிக்கொண்டிருந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை.

கேட்டவளுக்கெல்லாம் ஆளுக்கொரு வளையல் கொடுத்தாள். அங்கே பிடித்தது வினை.

மாடல் எக்ஸாம் பேப்பரோடு எகனாமிக்ஸ் மேடம் முகம் சிவக்க வந்தார். இரண்டு பேப்பரை ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். கோடுகள் இம்மி பிசகாமல் ஒன்று.

"கிளாஸ் மொத்தமும் காப்பியா? யாரைப் பார்த்துப் போட்டீங்க? சொல்லலைன்னா ஒருத்திக்கும் ஹால் டிக்கெட் கிடையாது."

எனக்குத் தையல் மெஷின் ஓடும் சத்தமே கேட்டுவிட்டது.

ஸ்டெல்லா எழுந்து கையை உயர்த்தினாள். ஜல். "யாரையும் பாக்கல மேடம். இத வச்சித்தான் போட்டோம்."

மேடம் நம்பவில்லை. தன் தங்க வளையலைக் கழற்றி, பேப்பரில் வைத்து இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்தார். அப்புறம் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றுகொண்டார்.

"எல்லாரும் ஒரே சைஸ் போடாதீங்கடி. எக்ஸாம் ஹால்ல ஆளுக்கு ஒண்ணுதான். சத்தம் வந்தா என்னைத்தான் கேப்பாங்க."

பரீட்சை அன்று வெள்ளிக்கிழமை. டோல்கேட்டில் கண்டெய்னர் லாரி வரிசை, பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. இறங்கிப் பார்த்தால் மணிக்கட்டில் ஒரு கீறல்தான் இருந்தது. வளையல் நொறுங்கிப் போயிருந்தது.

ஹால் வாசலில் ஸ்டெல்லாவைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அவள் கையிலும் ஒன்றே ஒன்று. மேடம் உத்தரவு.

ஸ்டெல்லா யோசிக்கவே இல்லை. கையை நீட்டித் தூணில் ஒரு தட்டு.

"ஐயோ, வெள்ளிக்கிழமையும் அதுவுமா வளையல உடைக்கிறியேடீ!"

"உனக்குத்தான்டீ வெள்ளிக்கிழம. எனக்கு எக்ஸாமு. கால் வட்டம் இருந்தா போதும்... இந்தா, பெரிய துண்டு உனுக்கு. கைய கீச்சிக்காத."

வெளியே வந்ததும் கேட்டேன், ஆவரேஜ் காஸ்ட்டுக்கு அரை வட்டம் வேண்டுமே, என்ன செய்தாய் என்று. "சின்னத் துண்டுதான... ரெண்டு வாட்டி வச்சி இழுத்தேன்" என்றாள். விரலில் ரத்தம், வாயெல்லாம் சிரிப்பு.

நான் பாஸ். மயிரிழையில் பாஸ். அந்தச் சின்னத் துண்டை வைத்துக்கொண்டு அவள் என்னைவிட அதிகம்! அப்பா மார்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நெஜமா நீதான் எழுதுனியா?" என்றார். எக்ஸ்போர்ட் கம்பெனி பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை.

இன்று நான் பிளஸ் டூ எகனாமிக்ஸ் டீச்சர். என் வகுப்பில் எல்லோருக்கும் வளையல்தான். பையன்கள் அக்கா வளையலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னபோது, "எனக்கு ராயல்டி குடுடீ" என்று அரை மணி நேரம் சிரித்தாள். அதுதான் கடைசி போன் என்று யாருக்குத் தெரியும்?

தாங்க முடியவில்லை ஸ்டெல்லா.

நாளைக்கு மதியம் கல்மண்டபம் வீட்டிலிருந்து எடுக்கிறார்களாம். வரேன்டீ. யார் என்ன சொன்னாலும் சரி, ரெண்டு கை நிறைய வளையல் போட்டுக்கினு வரேன்.

படியில் சத்தம் கேட்டால் நான்தான். கொஞ்சம் நகர்ந்து இடம் விடு.