நடுவில் துளையிட்ட வட்டு

ஜெயங்கொண்டம் பக்கத்து அகழாய்வில் படமெடுக்கப் போனபோது, கிடைத்த பொருட்களை வகை பிரிக்கும் அதிகாரி அம்மாவைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் செம்மண். ஒரு இடத்தில் உட்கார மாட்டார். நடுவில் துளையிட்ட சுடுமண் வட்டு ஒன்றை நூற்புக் கருவிகள் ட்ரேயில் வைப்பார். உடனே எடுத்து விளையாட்டுப் பொருட்கள் ட்ரேயில் போடுவார்.

“ஏதாவது ஒண்ணுல வைங்க மேடம்” என்றேன் எரிச்சலுடன்.

“துளை தேஞ்சிருக்கு, அம்மாக்காரி தக்களியில மாட்டி நூல் நூத்திருக்கா. விளிம்பும் தேஞ்சிருக்கு, புள்ள சக்கரமா உருட்டியிருக்கு. இதுல யாரை இல்லேன்னு சொல்றது சார்?”

ஜீப் ஹாரன் அடித்தது. வட்டை விளையாட்டு ட்ரேயில் போட்டுவிட்டு ஏறியவர், இறங்கி ஓடிவந்து நூற்பு ட்ரேக்கு மாற்றிவிட்டு மறுபடி ஏறினார். ஜீப் விக்கிரமங்கலம் சாலையில் போய் மறைந்தது. படமெடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

போன மாதம் அருங்காட்சியகத்தில் அதே வட்டு, விளையாட்டுப் பொருட்களோடு இருந்தது. விக்கிரமங்கலம் தாண்டி எங்கே ஜீப்பைத் திருப்பச் சொன்னாரோ!